ஊசி டீச்சரின் பென்சில்

பாடம் நடத்துகிறவனை நிம்மதியாக நடத்த விடாமல் செய்வதற்கு ஒரு பரிசு இருந்தால், மேனாம்பேட்டிலிருந்து ஆவடி வரைக்கும் உள்ள அத்தனை பள்ளிக்கூடங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் ஊசி டீச்சருக்குப் போட்டியாக ஒரு ஆள் கிடைத்திருக்க மாட்டார். ஐந்து வருடம் அவரோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆய்வுக்கு வரும் அதிகாரிகூட வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். இந்த அம்மா தினமும் வருவார்.

பள்ளியின் பெயரும் டீச்சரின் பெயரும் வேண்டாம். ஊசி டீச்சர் என்றால்தான் பிள்ளைகளுக்கே தெரியும். தையல் சொல்லித் தருகிற பகுதிநேர ஆசிரியை. வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும், அவர் ஐந்து நாளும் வந்துவிடுவார். கழுத்தில் அளவு டேப், புடவைத் தலைப்பில் நான்கைந்து ஊசி, கையில் நீல நிறத் தையல் சாக்கட்டி. யாரையும் எந்த நேரத்திலும் குத்துவார் என்பது பெயருக்கு இரண்டாவது காரணம். கள்ளிக்குப்பத்தில் பிறந்து கள்ளிக்குப்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். அவர்கள் குடும்பம் நெல் போட்ட இடத்தில் இப்போது எட்டு மாடி அடுக்ககம் நிற்கிறது. அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. லிஃப்ட் நல்லா வேலை செய்கிறது என்று மட்டும் சொல்வார்.

நான் சமூக அறிவியல் ஆசிரியன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பாரிவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு, தினமும் ஸ்கூட்டரில் புழுதி குடித்தபடி பள்ளிக்கு வருகிறவன்.

எல்லாம் லீவில் ஆரம்பித்தது. யாராவது ஒரு ஆசிரியர் லீவு போட்டால் அந்த வகுப்பில் போய் உட்கார வைக்க எங்களுக்குக் கிடைத்த ஆள் தையல் டீச்சர். இன்றைக்குக் கணக்கு, நாளைக்கு அறிவியல், மறுநாள் என் வகுப்பு. எங்களில் யாருமே மற்றவர் பாடத்தை எட்டிப் பார்த்ததில்லை. எல்லாப் பாடத்திலும் உட்கார்ந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான். உட்கார்ந்தவர் சும்மா இருந்திருக்கலாம். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் பள்ளியில் வகுப்புக்குப் பத்துப் பேராவது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தெருவில் அவர்கள் பேசும் தமிழைக் கேட்டால் வடசென்னைக்காரனே வழிவிட்டு நிற்பான். தக்காளிக் கடையில் பேரம் பேசுவார்கள், ஆட்டோக்காரரோடு சண்டை போடுவார்கள். ஆனால் புத்தகத்தைப் பிரித்தால் வாயடைத்துப் போவார்கள். கணக்கு வகுப்பில் 'x = 3 எனில்' என்று தொடங்கும் கணக்கு ஒன்றைப் போடச் சொல்லியிருக்கிறார் டீச்சர். ஒடியாப் பையன் ஒருவன் எழுந்து, ஒரு எனில் எத்தனை மீட்டர் என்று கேட்டானாம். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, எட்டு வருடமாகக் கணக்கு நடத்தும் கணக்கு சாரிடம், எனில் என்றால் என்ன என்று ஒருநாளாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டார். அதையெல்லாமா சொல்லித் தருவார்கள் என்றார் கணக்கு சார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

அந்த வாரமே பழைய வினாத்தாள்களை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போய்த் துணி வெட்டும் கத்தரிக்கோலால் நறுக்கினார். மதிய இடைவேளையில் எங்கள் டிபன் பாக்ஸ்களைத் தள்ளிவிட்டு மேஜை முழுக்கத் துண்டுச் சீட்டுகளைப் பரப்பினார். வேறுபடுத்துக. காரணம் கூறுக. மதிப்பிடுக. தொகுத்தெழுதுக.

"இந்த வார்த்தை சயின்ஸ்லயும் கீது, உங்க பேப்பர்லயும் கீது, தமிழ்லயும் கீது. அப்ப இத யாரு சொல்லித் தர்றது?" என்றார்.

தமிழ் ஐயாதான் என்றார் கணக்கு சார். செய்யுளையே முடிக்க முடியவில்லை, இது என் பாடத்தில் இல்லை என்றார் தமிழ் ஐயா. எனக்கு இரண்டாம் உலகப்போர் பாக்கி இருந்தது.

"அப்ப இது யாருதும் இல்ல. எனக்குக் குடுத்துடுங்க" என்றார் ஊசி டீச்சர். நாங்கள் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டோம்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வகுப்பின் கரும்பலகை மூலையிலும் நீலச் சாக்கட்டியில் ஐந்து வார்த்தைகள் உட்கார்ந்துகொண்டன. எவ்வளவு துடைத்தாலும் அந்த நீலம் முழுசாகப் போகாது. அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. நாங்கள் பாடம் நடத்தும்போது வாசலில் வந்து நிற்பார். ஒருநாள் நான் ஏகாதிபத்தியத்தின் விளைவுகளை மதிப்பிடுக என்று வீட்டுப்பாடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து குரல் வந்தது.

"சார், மதிப்பிடுகன்னா இன்னா பண்ணணும்?"

எழுதணும் என்றேன். என்ன எழுதணும் என்றார். விளைவுகளை எழுதணும் என்றேன். அப்படியானால் விளைவுகளை எழுதுக என்றே கேட்டிருக்கலாமே என்றார். நாற்பது பிள்ளைகள் என் வாயைப் பார்த்தார்கள். பதினெட்டு வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டு, அதற்கு வந்த பதில்களுக்கு மார்க்கும் போட்டு வந்த எனக்கு, என்ன கேட்டேன் என்பது அன்றைக்குத்தான் தெரியாமல் போனது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்து அவரை முறைத்தேன். கோபப்படாதீங்க சார், எனக்கும் இந்த புக்குத் தமிழ் ரெண்டாவது பாஷைதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்பைக் கெடுக்கப் போய்விட்டார்.

காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியை அம்மா 'உரிய சான்றுகளை மேற்கண்ட நாளுக்குள் சமர்ப்பிக்கவும்' என்று படித்தபோது, வரிசையின் பின்னாலிருந்து கை தூக்கியவர் இவர்தான். உரிய என்றால் எது, மேற்கண்ட என்றால் எங்கே கண்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். அன்று முதல் தலைமையாசிரியை அறிவிப்புகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவதோடு நிறுத்திக்கொண்டார். அங்கேயும் மறுநாள் ஓரத்தில் நீல எழுத்து இருக்கும்.

வார்த்தையை எளிமையாக்கிச் சொல்வது மட்டும் அவருக்குப் பிடிக்காது. புரியட்டுமே என்று நான் ஏதாவது சின்ன வார்த்தையாகப் போட்டால், பேப்பரில் அந்தப் பெரிய வார்த்தைதான் வரும், அதை ஒளித்து வைக்காதீர்கள் என்று சண்டைக்கு வருவார். தொகுத்தல் என்பதற்குத் துணியை நூலில் கோத்துச் சுருக்கிக் காட்டுவார். வேறுபடுத்துவதற்கு இரண்டு காலரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் உள்ளது அதில் இல்லை என்று ஜோடி ஜோடியாகச் சொல்ல வைப்பார். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னவனுக்குக் குட்டு விழும்.

அவருடைய பெரிய ஏற்பாடு பென்சில். அவருக்கு ஒடியாவும் தெரியாது, இந்தியும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பெரிய வார்த்தைக்கும் பக்கத்தில், அது என்ன செய்யச் சொல்கிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் பாஷையிலேயே பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். புத்தகத்தில், நோட்டில், காலாண்டு, அரையாண்டுக் கேள்வித்தாளில், எல்லாவற்றிலும். எழுதாமல் விடை எழுத ஆரம்பித்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவார். அவர்கள் எழுதியது சரியா தப்பா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். எழுதும்போது முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றார். நான் இதை ஸ்டாஃப் ரூமில் நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

சிரிப்பு அதோடு சரி. இனி சொல்லப்போவதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் சஸ்மிதா என்று ஒரு ஒடியாப் பெண். அப்பா வார்ப்புப் பட்டறையில் வேலை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் தம்பிகளோடு ஊருக்குப் போய்விட, கள்ளிக்குப்பத்தில் ஒற்றை அறையில் அப்பாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். பத்தில் தேறினால் பதினொன்று, தேறாவிட்டால் ஊருக்கு. அவள் அப்பா அதைக் கண்டிப்போடு சொல்லியிருந்தார். தலைமையாசிரியைக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும். அரையாண்டில் மூன்று பாடத்தில் போயிருந்தவளை இந்த வருடம் எழுத வைக்க வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றார். ஊசி டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இந்த மாணவியின் தேர்வுக்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்தார். ஒரு பகுதிநேர டீச்சர் எழுதிக் கொடுத்த தாளுக்கு என்ன மதிப்பு என்று நாங்கள் பின்னால் பேசிக்கொண்டோம்.

அடுத்த இரண்டு மாதம் அந்தப் பெண் தூங்கினாளா என்பதே சந்தேகம். திருப்புதல் தேர்வில் எல்லாவற்றிலும் தேறினாள். என் தாளில் 'மதிப்பிடுக' என்ற கேள்விக்கு நன்மை இவ்வளவு, தீமை இவ்வளவு, ஆகவே என் முடிவு இது என்று எழுதியிருந்தாள். பதினெட்டு வருடத்தில் அந்தக் கேள்விக்கு வந்த முதல் சரியான பதில் அது.

பொதுத்தேர்வுக்கு முன்னால் ஹால்டிக்கெட் கொடுத்த அன்று, விதிமுறைகளைப் படித்துக் காட்டும் வேலை என்னுடையது. ஊசி டீச்சரை ஆறாம் வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். வினாத்தாளில் பதிவெண் தவிர வேறெதுவும் எழுதலாகாது என்பது அந்த விதிகளில் ஒன்று. வருடா வருடம் தேர்வறைக் கண்காணிப்புக்குப் போகும் எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். பகுதிநேர ஆசிரியரைக் கண்காணிப்புக்குப் போடுவதில்லை, அதனால் அவருக்கு அது தெரியாது. நான் பன்னிரண்டு விதிகளையும் ஒரே மூச்சில் படித்தேன். புரிந்ததா என்றேன். புரிந்தது சார் என்று நாற்பது பேரும் சொன்னார்கள். சஸ்மிதாவும் சொன்னாள். கையில் கேள்வித்தாள் கிடைத்தவுடன் அவள் என்ன செய்வாள் என்று தெரிந்த ஆள் நான். அதை நடித்துக் காட்டியவனே நான். எனக்கு அது உறைக்கவே இல்லை.

முந்தைய வருடப் பிள்ளைகள் யாரும் இதில் மாட்டியதில்லை. அவள் எழுதியதும் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் யார் கண்ணிலும் படவில்லை. அறிவியல் தேர்வன்று முடிய அரை மணி இருக்கும்போது பறக்கும் படை வந்தது. அவள் கேள்வித்தாள் முழுக்கக் குட்டிக் குட்டியாக, வட்டம் வட்டமாகப் பென்சில் எழுத்து. அதிகாரிக்கு அது சூத்திரமா, சங்கேதமா, யாரோ சொல்லிக்கொடுத்த விடையா என்று தெரியவில்லை. தாளை வாங்கிக்கொண்டு அவளைத் தலைமைக் கண்காணிப்பாளர் அறைக்கு அழைத்துப் போனார். ஒரு தாளைக் கொடுத்து, விளக்கம் எழுதிக் கொடு என்றார்.

விளக்கம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நடுவில் தலைப்பு போட்டு அடிக்கோடிட்டாள். பொருள் எழுதியதற்கான காரணங்கள் என்று ஒன்று, இரண்டு, மூன்று எழுதினாள். பிறகு ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, காப்பியடித்தலுக்கும் பொருள் எழுதுதலுக்கும் உள்ள வேறுபாடுகளை ஜோடி ஜோடியாக நான்கு வரிசை எழுதினாள். கடைசியில் முடிவுரை. மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. எந்தப் பாடத்தின் கேள்வித்தாளிலும் அந்தச் சொல் வருவதில்லை. அதிகாரி அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்குப் போன் வந்து, அன்றைக்குக் கண்காணிப்பு வேலை இல்லாத நானும் ஊசி டீச்சரும் ஸ்கூட்டரில் தேர்வு மையத்துக்குப் போனோம். சஸ்மிதா மூலை நாற்காலியில் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், அழவில்லை. யார் எழுதச் சொன்னது என்று கேட்டார் அதிகாரி.

"நான்தான் சார். அஞ்சு வருஷமா எல்லாப் புள்ளைங்களுக்கும் சொல்லிகினு கீறேன்."

என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது என்றார் டீச்சர். படிக்கத் தெரியாததை எப்படி எழுதச் சொன்னீர்கள் என்று கேட்டார் அவர். ஊசி டீச்சர் சஸ்மிதாவின் முகத்தைப் பார்த்தார். பட்டறைக்குப் போன் போட்டு அப்பாவை வரவழைத்தார்கள். கரியும் வியர்வையுமாக ஓடிவந்த மனிதர் தாளைக் கையில் வாங்கி, வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது.

நான் வெளியே ஓடினேன். எதிரே இருந்த ஃப்ளாட்டில் ஒடிசாக்கார வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். கெஞ்சிக் கூட்டி வந்தேன். அவர் கேட்டின் சாவியைக் கையில் பிடித்தபடியே தாளை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதில பதில் ஒண்ணும் இல்ல சார். 'இங்க ரெண்டு கட்டம் போடு.' 'இங்க ஏன்னு எழுது, என்னன்னு எழுதாதே.' இங்க, 'சுருக்கமா எழுது, டீச்சர் திட்டுவாங்க.' இது மாதிரிதான் எல்லாம்."

அதிகாரி கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எனக்குப் புரிகிறது அம்மா, ஆனால் கண்ணால் பார்த்த பிறகு நான் மேலே அறிக்கை எழுதாமல் இருக்க முடியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, விதி சொல்லப்பட்டதா என்று கேட்டார்.

"படிச்சுக் காட்டினேன் சார்" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் சொல்லி முடித்தவுடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊசி டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தாளை இழுத்து, விதியை அறியாமல் இவ்வாறு எழுதப் பழக்கியது முழுக்க என் தவறே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாக்கியத்தில் எனக்கு இடமே இல்லை.

கடைசித் தேர்வான என் பாடத்தை சஸ்மிதா பென்சில் இல்லாமல் எழுதினாள். மற்ற நான்கிலும் தேர்ச்சி. அறிவியல் மட்டும் நிறுத்திவைப்பு என்று வந்தது. அவள் அப்பாவுக்கு யாரும் அந்த வார்த்தையை விளக்கவில்லை. காப்பியடித்துப் பிடிபட்ட பெண் என்று கள்ளிக்குப்பத்து வரிசை வீடுகளில் ஒரு வாரத்தில் பரவிவிட்டது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவள் அப்பாவோடு ஊருக்குப் போய்விட்டிருந்தாள். ஊசி டீச்சர் எழுதிக் கொடுத்த வெள்ளைத் தாளைத் தலைமையாசிரியை பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அதைக் காட்டி, டீச்சரை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மதிப்பில்லாத தாள் என்று பேசிய நாங்கள் எல்லாரும் ஸ்டாஃப் ரூமில் தலையைக் குனிந்துகொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தோம்.

ஆகஸ்டில் விசாரணை முடிந்து கடிதம் வந்தது. தவறான நோக்கம் இல்லை, எழுதிய வரைக்கும் திருத்தியதில் மாணவி தேர்ச்சி. நான் அதை எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பத்துக்கு ஓடினேன். டீச்சர் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். வாங்கிப் படித்தார், இரண்டு முறை. திருத்தணியைத் தாண்டி எங்கும் போகாத மனுஷி மறுநாளே ஒடிசாவுக்கு ரயில் ஏறிவிட்டார். கையில் அந்தக் கடிதமும், பட்டறைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த ஊர்ப் பெயரும் மட்டும்தான்.

எட்டாம் நாள் காலையில் அம்பத்தூர் ஸ்டேஷனில் போய் நின்றேன். மின்சார ரயிலில் இருந்து தனியாகத்தான் இறங்கினார். புடவை கசங்கி, முகம் கறுத்திருந்தது. டீக்கடையில் பாதி கிளாஸைக் குடித்தார். பிறகு சொன்னார். அப்பாவுக்குப் பட்டறையில் கற்ற நாலு வார்த்தைத் தமிழ்தான்; அந்த ஊரில் அவர் பேச்சு முழுசாகப் புரிந்த ஒரே ஆள் சஸ்மிதாதான். அதனால் டீச்சர் கெஞ்சியதையெல்லாம் அவளே அப்பாவிடம் ஒடியாவில் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா சொன்னதையெல்லாம் அவளே டீச்சரிடம் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"மூணு காரணம் சொன்னான் சார் அவங்கப்பன். அம்மாவுக்கு நடக்க முடில. தம்பிங்கள பாத்துக்க ஆள் இல்ல. பேரு கெட்ட எடத்துக்கு மறுபடி அனுப்ப மாட்டேன். மூணையும் அவ எங்கிட்ட ஒண்ணு விடாம சொன்னா. தனக்குச் சாதகமா ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா எனக்கு எப்டி தெரியும்? மாத்தல சார். அவ்ளோ சரியா சொன்னா."

சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஷேர் ஆட்டோ வேண்டாம் என்று நடந்தோம். வழியில், அன்றைக்கு ஹால்டிக்கெட் கொடுத்தபோது விதியை வெறுமனே படித்தேன், யாருக்கும் விளக்கவில்லை என்று சொன்னேன். மார்ச் மாதத்திலிருந்து நான் சொல்லாமல் வைத்திருந்தது அது.

"தெரியும் சார். புடிபட்ட அன்னிக்கே அவ சொன்னா" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "நீங்க பர்மனென்ட்டு. அதான் உங்க பேர எழுதல. அந்தக் க்ளாஸ்ல யாராவது ஒருத்தர் இருக்கணுமில்ல" என்றார்.

இந்த அம்மா மேல் எனக்கு இவ்வளவு பிரியம் என்பது அவரோடு இருந்த ஐந்து வருடத்தில் எனக்கே தெரியாது. அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் சார் என்று அவர் சொல்லவில்லை. கள்ளிக்குப்பம் வரைக்கும் அதை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.